பழைய எம்எக்ஸ்-5-க்கு 17 அங்குல வீல் மாட்டுவதற்கு முன்

மேற்கு லண்டனில் ஒரு டயர், அலைன்மென்ட் கராஜில் 20 வருடமாக வேலை பார்க்கிறேன். வெயில் தலைகாட்டியதும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எங்களிடம் அதிகம் வருவது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 முதல் 1997 வரை தயாரித்த, கண் விழிப்பது போல ஹெட்லைட் மேலெழும் அந்தச் சின்ன வண்டி.

போன மே மாதம் ஒரு தம்பி தன் 1991 மாடலோடு வந்தார். நண்பரின் வேனில் நான்கு 17 அங்குல அலாய் வீல்கள், டயரோடு. ஒரு ஜெர்மன் சின்னக் காரில் ஓடியவை. "நாலு ஓட்டையும் சரியா உட்காருது அண்ணா, மாட்டிக் குடுங்க போதும்" என்றார். ஓட்டைகள் உட்கார்ந்தது உண்மைதான். அந்த வார்த்தையை நம்பித்தான் நிறைய பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள், சிலர் உயிரோடு விளையாடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வண்டிக்கு மாஸ்டா கொடுத்தது 14 அங்குல வீல், அகலம் 5.5 அங்குலம், ஆஃப்செட் 45 (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்), டயர் 185/60 ஆர்14. அதாவது அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், வீல் 14 அங்குலம். போல்ட் வட்டம், அதாவது போல்ட்டுகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம், 100 மி.மீ., நான்கு போல்ட். இந்த 4x100 அளவு ஹோண்டா, ரெனோ, பழைய ஃபோக்ஸ்வேகன் என்று பல வண்டிகளில் உண்டு. ஆனால் நடு ஓட்டை ஒவ்வொன்றிலும் வேறு. மாஸ்டாவில் அந்த ஓட்டைக்குள் நுழையும் ஹப், அதாவது வீல் மாட்டும் மையப்பகுதி, 54.1 மி.மீ., ஃபோக்ஸ்வேகன் 57.1. தம்பியின் வீலை ஹப்பில் வைத்து ஆட்டிக் காட்டினேன், 3 மி.மீ. இடைவெளியில் லொடலொடவென்று ஆடியது. அந்த இடைவெளியை அடைக்கும் வளையம் போடாவிட்டால் வீல் மையம் தவறி உட்காரும். பிறகு 60 மைல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், ஆளும் திரும்பத் திரும்ப பேலன்சிங் செய்யச் சொல்லி எங்களிடம் வந்து நிற்பார்.

இதைவிட ஆபத்தான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபியட் வீல்களில் பல 4x98. கண்ணுக்கு 100 போலவே தெரியும், நட்டும் ஏறிவிடும். ஆனால் 2 மி.மீ. வித்தியாசத்தில் நட் சாய்ந்து இறுகும், ஓட ஓடத் தளரும். அதேபோல மாஸ்டா நட்டின் அடி 60 டிகிரி கூம்பு. ஹோண்டாவின் சொந்த வீலில் நட் உட்காரும் குழி உருண்டை. கூம்பை உருண்டையில் வைத்து இறுக்கினால் ஒரு மெல்லிய விளிம்பு மட்டும்தான் பிடித்திருக்கும். எத்தனை அங்குலம் என்று கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

அடுத்தது ஆஃப்செட். வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. தம்பியின் வீல் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 40. தாளில் போட்டுப் பார்த்தோம். கம்பெனி வீலோடு ஒப்பிட்டால் வெளிப்பக்கம் 24 மி.மீ., உள்பக்கம் 14 மி.மீ. கூடுகிறது. வண்டியின் உயரத்தையோ முந்தைய உரிமையாளர் ஏற்கனவே குறைத்திருந்தார். ஒரு வீலை மட்டும் முன்னால் மாட்டி, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பச் சொன்னேன். உள்ளே பிளாஸ்டிக் லைனரில் டயர் உரசும் சத்தம் அவருக்கே கேட்டது. அப்புறம் பின்னால் மாட்டி, நாங்கள் இரண்டு பேர் டிக்கி மேல் உட்கார்ந்தோம். வீல் ஆர்ச்சின், அதாவது டயருக்கு மேல் வளைந்திருக்கும் பாடித் தகட்டின், விளிம்பு டயரைத் தொட்டது.

"விளிம்பை மடிச்சு விட்டுடலாமா அண்ணா?" என்றார். எல்லோரும் கேட்பதுதான். மற்ற வண்டியில் சில நேரம் செய்து கொடுத்திருக்கிறேன். இந்த வண்டியில் எனக்கு மனம் வராது. எம்எக்ஸ்-5 துருப்பிடிக்கும் முதல் இடமே பின் ஆர்ச்சும் அதற்கு முன்னால் கதவுக்குக் கீழே ஓடும் தகடும்தான். விளிம்பை மடித்தால் பெயின்டும் உள்ளே பூசிய சீலரும் கீறல் விடும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அந்தக் கீறலில் போய்த் தங்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு போயிருக்கும். வெட்டி வெல்டிங் செய்யும் செலவில் நாலு செட் டயர் வாங்கலாம்.

சரி, இடம் இருந்துவிட்டால்? அப்போதும் விட்டத்தைப் பாருங்கள். 185/60 ஆர்14 டயரின் உயரம் 578 மி.மீ. அவர் கொண்டுவந்த 205/40 ஆர்17 ஏறத்தாழ 596. மூன்று சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும், கியர் கொஞ்சம் மந்தமாகும். டயரின் பக்கச்சுவர் 111 மி.மீ.யிலிருந்து 82-க்கு இறங்குகிறது. குழியில் விழுந்தால் அடியை வாங்க ரப்பர் இல்லை, ரிம்தான் வளையும். ஆயிரம் கிலோகூட எட்டாத இந்த வண்டியில் வீலுக்கு நாலைந்து கிலோ ஏறினாலே சஸ்பென்ஷன் திணறுவதை ஸ்டியரிங்கில் உணரலாம். வாங்கும் முன் பயணப் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் தராசில் ஒரு வீலை மாட்டி எடை பாருங்கள்.

டயர் எங்காவது உரசினால் எம்ஓடி எனும் பிரிட்டனின் வருடாந்திர வண்டிச் சோதனையில் வண்டி தேறாது. வீல் மாற்றியதை இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் விட்டால், விபத்து நாளில் அவர்கள் கைவிரிக்கலாம். ஒரு போன் செய்வதுதான் வேலை, செய்துவிடுங்கள்.

தம்பி முகம் வாடிவிட்டது. அவர் ஆசையைக் குறை சொல்ல முடியாது, அந்த வண்டிக்கு 14 அங்குலம் இன்று சின்னதாகத்தான் தெரிகிறது. மாஸ்டாவே அடுத்த தலைமுறையில் 15 அங்குலம் கொடுத்தது, டயர் 195/50 ஆர்15. அதன் உயரம் 576 மி.மீ., பழையதோடு கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த வழியில் போகலாம் என்றேன். 17-ஐ விற்றுவிட்டு, மூன்று வாரம் கழித்து 15 அங்குலம், 6.5 அகலம், ஆஃப்செட் 40, 54.1-க்கு வளையம் என்று சரியாக வாங்கி வந்தார். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினோம், மறுபடி டிக்கி மேல் உட்கார்ந்தோம். எங்கும் உரசவில்லை. நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, அலைன்மென்ட் பார்த்து அனுப்பினேன். 50 மைல் ஓட்டிவிட்டுத் திரும்ப வரச் சொல்லியிருந்தேன், வந்தார். 16 நட்டில் இரண்டு நட்டுகள் மட்டும் இன்னும் கால் சுற்று இறுகின.