தட்டைப் பிரித்தது போதும், ஜன்னலைத் திறவுங்கள்

இந்த வாரமும் ஒரு குடும்பம் வந்தது. அம்மாவுக்கு நுரையீரல் காசநோய். "தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சிட்டோம் டாக்டர்" என்றார் மகன், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி. டம்ளர் மாறிவிடக் கூடாது என்று அதன் அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளிகூட வைத்திருக்கிறார்களாம். அம்மா எங்கே படுக்கிறார்? அரிசி மூட்டை போட்டிருக்கும் உள்ளறையில். ஜன்னல்? இருக்கிறது, கொசுவுக்காக அடைத்தாயிற்று. கூட யார்? "பேத்திதான். நாலு வயசு. பாட்டியை விட்டு வர மாட்டேங்கிறா."

எத்தனை தடவைதான் சொல்வது! நுரையீரல் காசநோய் காற்றில் பரவுகிறது. நோயாளி இருமும்போது வெளிவரும் கிருமி மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அதை இன்னொருவர் மூச்சோடு இழுத்தால்தான் தொற்று. சாப்பிட்ட தட்டில் பரவாது. டம்ளரில் பரவாது. துணியில் பரவாது, தொட்டால் பரவாது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினாலும் பரவாது. எல்லோர் பாத்திரத்தையும் போல சோப்புப் போட்டுக் கழுவினால் முடிந்தது. தனித் தட்டால் நடப்பது ஒன்றுதான்: வீட்டில் தீட்டு மாதிரி ஒதுக்கப்பட்டவர் பாதி வயிற்றோடு எழுந்துவிடுகிறார். அதைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் தன் இருமலை மறைக்கிறார்.

நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னதே நம் சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் (இப்போது சேத்துப்பட்டில் உள்ள தேசிய நிறுவனம்) சில நோயாளிகளை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும், மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு இடமும் குறைவு, சாப்பாடும் சுமார். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்தவர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள்; அந்தக் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. சரியான மருந்து உள்ளே போனதும் பரப்பும் தன்மை மளமளவென்று குறைந்துவிடும். அதற்கு முன், மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டு இருமும் மாதங்கள் இருக்கின்றனவே, அவைதான் வீட்டுக்கே ஆபத்து.

அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சளிப் பரிசோதனைக்குப் போங்கள். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். "ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்காதீர்கள். காசநோய் இருக்கிறதா என்று ரத்தத்தில் எதிரணுக்களைப் பார்த்துச் சொல்லும் கிட்களை அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது.

சளியைக் கேட்டால் பாதிப் பேர் எச்சிலைத் துப்பித் தருகிறார்கள். நுரை நுரையாக, தண்ணீர் மாதிரி. எங்கள் லேப் டெக்னீஷியன் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி நீட்டுவார். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போங்கள், பாத்ரூம் வேண்டாம். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து அடக்கி, நெஞ்சிலிருந்து இருமுங்கள். கெட்டியாக வருவதுதான் சளி. சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கியமான காசநோய் மருந்தான ரிபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். அரசு மையத்தில் இதெல்லாம் இலவசம்.

நோய் உறுதியானால் நோயாளிக்குக் காற்றோட்டமான இடத்தைக் கொடுங்கள். ஏசி வேண்டாம். கொசுவா, ஜன்னலுக்கு வலை அடியுங்கள். பக்கத்தில் ஆள் வரும்போது நோயாளி மாஸ்க் போடட்டும். முதல் இரண்டு வாரம் கட்டாயம், அப்புறம் மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை. நோயாளி மறுத்தால் கவனித்துக்கொள்பவர் என்95 மாஸ்க் போடுங்கள். சளியை மூடி போட்ட டப்பாவில்தான் துப்ப வேண்டும். சாப்பாடு எல்லோருடனும் சேர்ந்தே இருக்கட்டும், ஃபேனுக்கு அடியில் இல்லாமல் திண்ணையில் என்றால் இன்னும் நல்லது.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நோய் இல்லை என்று தெரிந்தாலும் தடுப்பு மருந்து உண்டு. "பிசிஜி போட்டாச்சே" என்பவர்களுக்கு: அந்தத் தடுப்பூசி காசநோயின் கடுமையான வகைகளைத் தடுக்கும், முழுக் கவசம் அல்ல. தயவுசெய்து குழந்தையைக் கூட்டி வாருங்கள்.

மாத்திரை ஆறு மாதம். இரண்டாவது மாதம் எடை ஏறியதும் நிறுத்துகிறவர்கள்தான் மருந்துக்கு அடங்காத கிருமியோடு திரும்பி வருகிறார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்படாதீர்கள். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அதில் முட்டையும் பயறும் வாங்குங்கள், ஹெல்த் டிரிங்க் டப்பா அல்ல. வாந்தி நிற்கவில்லை, கண் மஞ்சளாகிறது, பார்வை மங்குகிறது என்றால் "ஒத்துக்கலை" என்று நீங்களாகவே முடிவு கட்டி வீட்டில் உட்காராமல், மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வாருங்கள்.