பாராநார்மல்னா அமானுஷ்யம் தானா?

பேய், ஆவி, முன்ஜென்மம்னு எது வந்தாலும், இங்கிலீஷ்ல பாராநார்மல்னு சொல்ற கதையை நாம உடனே அமானுஷ்ய நாவல்னு சொல்லிடுறோம். ஆனா செத்தவங்க குரல் ஒரு பொண்ணு காதுல மட்டும் விழுது, அதை வச்சே அவ ஒரு கொலையைக் கண்டுபிடிக்கிறான்னு வர்ற கதைக்கு இந்தச் சொல் பொருந்தவே இல்ல. அமானுஷ்யம் வடசொல், மனுஷத்தன்மை இல்லாததுன்னு அர்த்தம். அவ மனுஷிதானே, ராத்திரி அந்தக் குரலுக்குப் பயந்து காதைப் பொத்திக்கிட்டு காலைல எழுந்து துப்பு தேடக் கிளம்புறது எல்லாம் மனுஷ குணம் தானே?

பாராநார்மல்ல ‘பாரா’ கிரேக்கம், பக்கத்துல, தாண்டின்னு பொருள். ‘நார்மா’ லத்தீன், தச்சர் கையில இருக்குற மூலைமட்டம். அந்த மட்டத்துக்குச் சரியா உக்கார்றது நார்மல், உக்காராம துருத்திக்கிட்டு நிக்கிறது பாராநார்மல். அதனால ‘இயல்பு கடந்த’னு சொன்னா போதும், இயல்பு கடந்த கதை, இயல்பு கடந்த நாவல், வாய்லயும் நல்லா வருது.

மிஸ்டரிக்கு நாம சொல்ற மர்மமும் வடசொல்தான், உடம்புல அடிபட்டா உயிர் போற இடம்னு மூலப்பொருள். மறைஞ்சிருக்குற இடம்ங்கிறதுல இருந்து ரகசியம்னு ஆகி நமக்குப் பழகிடுச்சு, இதை மாத்த வேண்டாம்னு தான் எனக்குத் தோணுது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் அணங்கு. வருத்துற தெய்வ சக்தியும் அணங்கு, பொண்ணும் அணங்கு, ‘அணங்குகொல்’, அதாவது இவ அணங்கோன்னு வள்ளுவர் 1081வது குறள்ல திகைச்சுப் போய் கேக்குறாரே அதே தான். அந்த ரெண்டு அர்த்தமும் சேந்து வர்றவ தான் கண்ணகி. சிலப்பதிகாரத்துல கையில ஒத்தைச் சிலம்போட வந்து நிக்கிற அவளைப் பாத்து வாயில்காவலன் நடுங்குறான், கொற்றவையும் இல்ல, காளியும் இல்ல, ஆனா கோவமா நிக்கிறாங்கன்னு ராஜாகிட்ட ஓடிப் போய் சொல்றான். அவ உள்ள போய் என் சிலம்புல இருக்குறது மாணிக்கம்ங்குறா, எங்களுதுல முத்துன்னு ராஜா சொல்லிட்டு கோவலன்கிட்ட பிடுங்கின சிலம்பைக் கொண்டாந்து வைக்கச் சொல்றான், அவ உடைக்கிறா, மணி தெறிச்சு ராஜா வாய்கிட்டயே விழுது. சாட்சியம் காட்டி வழக்கை முடிச்சதுக்கு அப்புறம் தான் மதுரை எரியுது. மர்மமும் இயல்பு கடந்ததும் ஒரே பொண்ணு கையில சேந்து வந்த கதை நம்மகிட்ட எப்பவோ இருந்திருக்கு!

ஸ்ட்ராங் ஃபீமேல் லீட்னு சொல்றாங்களே, அதுக்குச் சிலர் ‘வலிமையான பெண் முன்னணிக் கதாபாத்திரம்’னு நீட்டி முழக்குறாங்க, தேவையே இல்ல. நாயகின்னாலே நடத்திட்டுப் போறவன்னு தான் வேர்ப்பொருள். வலிமையையும் சேத்துச் சொல்லணும்னா துப்பு இருக்கு, பழைய இலக்கியத்துல துப்புன்னா வலிமை, துப்புக்கெட்டவன்னு இன்னைக்கும் திட்டுறது அதுல இருந்து தான், துப்பறியும் நாவல்ல வர்றப்போ அதுவே தடயம். துப்புள்ள நாயகின்னு எழுதிப் பாருங்க, ரெண்டு அர்த்தமும் அவளுக்குப் பொருந்தும்.