சோப்பின் மேல் பூக்கும் வெள்ளை

ஐப்பசி அடைமழையில் கும்பகோணத்தில் சோப்பு வார்த்தேன். இரண்டாம் நாள் அச்சைத் திறந்தால், மேலே கோலமாவைத் தூவியதுபோல வெள்ளைப் படலம். எடை பிசகிவிட்டது என்று எண்ணி இரண்டு கிலோவையும் குப்பையில் கொட்டினேன். கொட்டியிருக்கவே வேண்டாம்.

அடுப்பில் காய்ச்சாமல் வார்க்கும் சோப்பில், காஸ்டிக் சோடாக் கரைசலும் எண்ணெயும் அச்சுக்குள் இருந்தபடியே வினைபுரிந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. இதற்கு ஓரிரு நாள் பிடிக்கும். அதற்குள், எண்ணெயோடு இன்னும் சேராமல் மேற்பரப்பில் நிற்கும் காஸ்டிக் சோடா என்ற காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு சோடியம் கார்பனேட் ஆகிவிடுகிறது. அந்த வெள்ளைப் பொடி சலவைச் சோடாதான். வெள்ளாவிக்குச் சேர்த்த உவர்மண்ணில் அழுக்கு நீக்கியதும் இதே உப்பு.

நீர் கூடினால் படலமும் கூடும். நீர் வினையைத் தாமதப்படுத்துகிறது, ஆவியாகும்போது காரத்தையும் மேலே இழுத்து வருகிறது. காஸ்டிக் சோடாவின் எடையைப்போல இரு மடங்கு நீர் போதும். வார்த்தவுடன் காற்றுப் புகாமல் மூடிக் கம்பளி போர்த்தினால், சூடு தங்கி வினை விரைந்து முடியும். அரைகுறையாகப் போர்த்தினால் நடுப்பகுதி மட்டும் சூடேறிக் கூழாகி, ஓரம் ஆறிவிடும். வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் கருத்த வட்டம் தெரியும். அது அழகுக்குத்தான் குறை, குளிக்கத் தடையில்லை.

மேல்படலம் ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும். துண்டின் உள்ளே வெள்ளைக் கட்டியோ நீர்க்கசிவோ இருந்தால் கதை வேறு. அது காரம் தேங்கிய இடமாக இருக்கலாம், தோலைப் புண்ணாக்கும். அதைத்தான் தூக்கிப்போட வேண்டும். 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், நல்லெண்ணெய்க்கோ சுமார் 134 கிராம். பேராவூரணித் தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று அதே கணக்கில் நல்லெண்ணெய் ஊற்றினால், கிலோவுக்கு ஏறத்தாழ 50 கிராம் காரம் மிஞ்சும்.

மஞ்சள் போட்ட கலவை சிவந்தால் பதறாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவக்கிறதே, அதே மாற்றம்தான். காரம் தீரத்தீரச் சிவப்பும் தணியும்.

எனக்கு உண்மையான கவலை ஆரஞ்சுப் புள்ளிகள்தான். வாரக்கணக்கில் கழித்து, சிக்கு வாடையோடு வரும். சோப்பாகாமல் மிஞ்சிய எண்ணெய் காற்றில் கெட்டுப்போவதன் அடையாளம் அது. இரும்பு அதைத் துரிதப்படுத்தும். குடத்தில் செம்பழுப்புக் கறை படியவைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரை இதற்கு எடுக்கவே கூடாது. காய்ச்சி வடித்த நீர்தான் சரி. துருவேறிய கம்பித் தட்டிலும் காயவைக்கக் கூடாது. நான் மூங்கில் தட்டில், துண்டுகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி விட்டு, 4 முதல் 6 வாரம் காயவிடுகிறேன். ஐப்பசிக் கடைசியில் வார்த்தது மார்கழியில்தான் குளியலறைக்குப் போகும்.