இடி கேட்டதும் காட்சிமுனையை விட்டு நகருங்கள்

கடற்கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் முழுவதும் தடையின்றித் தெரிவதால் மேகம் பிறப்பது முதல் கரைவது வரை பார்க்க முடிகிறது. கடல் இல்லாத சேலத்துக்காரர்களான நமக்கு அந்த வாய்ப்பைத் தருவது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடுதான். லேடீஸ் சீட்டிலோ பகோடா பாயின்ட்டிலோ நின்று, கோடைப் பிற்பகலில் சமவெளிக்கு மேல் இடிமேகம் எழுவதைப் பார்ப்பது உண்மையிலேயே அருமையான அனுபவம். அதைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. எப்போது பார்வையை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும், அவசர சிகிச்சைப் பிரிவில் மின்னல் தாக்கியவர்களைக் கவனித்துவரும் மருத்துவர் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

காலை வெயிலில் சூடேறிய தரையிலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து, பஞ்சுப்பொதியாகத் தோன்றும் மேகங்களை முதலில் உருவாக்குகிறது. அவை அகலமாகப் பரவாமல் உயரமாக வளரத் தொடங்கினால் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே மேகத்தின் உச்சி 10 கிலோமீட்டருக்கு மேல் சென்று, அதற்கு மேல் போக வழியின்றித் தட்டையாகப் பரந்துவிடும். உள்ளே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி மின்னூட்டம் பிரிகிறது. உச்சி தட்டையாகி, அடிப்பகுதி கறுத்துவிட்ட மேகம் மின்னலுக்குத் தயாராகிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

மழை தொடங்கினால் போகலாம் என்று காத்திருப்பதுதான் நம் மக்களிடம் நான் காணும் பெரும் தவறு. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும், தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதும்கூட மின்னல் இறங்கும். இடியோசை காதில் விழும் தூரத்தில் நீங்கள் இருந்தால், மின்னல் எட்டும் தூரத்திலும் இருக்கிறீர்கள். ஆகவே முதல் இடி கேட்டதும் கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள காருக்குள்ளோ சென்று கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். சுவரில்லாத நிழற்கூடம், பார்வைக் கோபுரம், கூடாரம், இரு சக்கர வாகனம் எதுவும் பாதுகாப்பல்ல. காட்சிமுனையின் இரும்புக் கைப்பிடியிலிருந்து உடனே கையை எடுத்துவிடுங்கள். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி திறந்த வெளி என்பதால் அங்கே தாமதமே கூடாது. கைபேசி மின்னலை இழுக்கும் என்பது உண்மையல்ல. ஆனால் சுவரில் செருகி மின்னேற்றிக்கொண்டே பேசுவது ஆபத்து.

மரத்தடிதான் மிக மோசமான இடம். காப்பிச் செடிகளுக்கு நிழலாக நட்டு மிளகுக்கொடி ஏற்றியிருக்கும் உயரமான சில்வர் ஓக் மரத்தில் இறங்கும் மின்னல், அடிமரத்தருகே நிற்பவர் உடலுக்குத் தாவுகிறது. தாவாவிட்டாலும் ஈரத்தரை வழியே பரவிக் கால்கள் வழியாக ஏறுகிறது. அப்படி மழைக்கு ஒதுங்கிய மூன்று தோட்டத் தொழிலாளர்களை ஒருமுறை எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஒருவர் தோளில் பெரணி இலையை ஒட்டிவைத்தது போன்ற சிவந்த கோடுகள்; இன்னொருவர் கழுத்தில் சங்கிலி பட்ட இடமெல்லாம் அதே வடிவில் தீப்புண். அலறிக்கொண்டிருந்த இந்த இருவரையும் முதலில் வண்டியில் ஏற்றியவர்கள், பேச்சுமூச்சின்றிக் கிடந்த மூன்றாமவரைத் தொட்டால் தங்களுக்கும் மின்சாரம் பாயும் என்று அஞ்சி நின்றிருக்கிறார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை, உடனே தொடலாம். மின்னல் இதயத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டாலும், பல நேரங்களில் அது தானாகவே மீண்டும் துடிக்கத் தொடங்குகிறது. ஆனால் மூளையில் மூச்சை இயக்கும் பகுதி விழித்துக்கொள்ள அதிக நேரம் ஆவதால், பிராணவாயு இல்லாமல் அதே இதயம் இரண்டாம் முறை நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியில் யாராவது மூச்சுக் கொடுத்தால் அவர் பிழைக்கக்கூடும். எனவே, வேறு விபத்துகளில் செய்வதற்கு மாறாக, பலர் விழுந்து கிடக்கும்போது அசைவற்றவரையே முதலில் கவனிக்க வேண்டும். முனகுபவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து இரண்டு மூச்சு கொடுங்கள். இடி தொடர்ந்தால், முடிந்தவரை அவரைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்திக்கொண்டு செய்யுங்கள். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவருடைய உயிர் அருகில் இருப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.

எழுந்து நடப்பவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கால்கள் குளிர்ந்து செயலிழந்தாற்போல் இருப்பது பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும், இருந்தாலும் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும், செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சிலருக்கு வாரங்கள், மாதங்கள் கழித்தும் கண்புரை வருவதுண்டு என்பதால், பார்வை மங்கினால் இடி தாக்கிய செய்தியைக் கண் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.