பத்து டெசிபல் தகராறு: ஃபால்மத் நகரத்துக் காற்றாலைகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் தீபகற்பத்தில் இருக்கிறது ஃபால்மத். அந்த ஊர் நிர்வாகம் தன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய வளாகத்தில் 2010-இல் ஒரு காற்றாலையையும் 2012-இல் இன்னொன்றையும் ஓடவிட்டது. இரண்டுமே வெஸ்டாஸ் வி82 வகை, தலா 1.65 மெகாவாட். கோபுரத்தின் உயரம் 80 மீட்டர். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 82 மீட்டர். கிட்டத்து வீடுகள் ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி இருந்தன. முதல் ஆலை சுற்றத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, தூக்கம் போயிற்று என்று அந்த வீடுகளிலிருந்து புகார் வந்தது.

இந்த மாதிரித் தகராறு எங்கே வந்தாலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: “சராசரி 40 டெசிபல்தான், வீட்டு ஃப்ரிட்ஜ் போடும் சத்தம்.” அந்தக் கணக்கில் பிழை கிடையாது. காற்றாலையின் ஒலித்திறன் 103 டெசிபல் என்று கொண்டால், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைந்து, 400 மீட்டரில் 40 முதல் 43 வரை வந்து நிற்கும். தூங்க முடியவில்லை என்றவர்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் காதில் விழுந்தது சராசரி அல்ல என்பதில்தான் சிக்கல்.

முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். கியர்பாக்ஸ் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது பழுதானால் ‘ங்ங்’ என்று ஒரே சுருதியில் ரீங்காரம் கேட்கும், கண்டுபிடிப்பதும் எளிது. நல்ல நிலையில் உள்ள ஆலையில் பெரும்பகுதி ஒலி, இறக்கையின் வெளிப்பகுதியில், காற்று பின்விளிம்பைவிட்டுப் பிரியும் இடத்தில் உண்டாகிறது. வி82 நிமிடத்துக்கு 14.4 சுற்று சுற்றும். இறக்கை நுனியின் வேகம் அப்போது வினாடிக்கு 62 மீட்டர், அதாவது மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல். இந்த ஒலி வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே 2 டெசிபலுக்கு மேல் குறைந்துவிடும்.

மூன்று இறக்கை, 14.4 சுற்று. ஆக, 1.4 வினாடிக்கு ஒரு இறக்கை கடந்து போகும். ஒவ்வொன்றும் ஒரு ‘விஷ்க்’. சில இரவுகளில் அதுவே ‘தொப்’பென்று கனக்கும், அடுத்த தெருவில் யாரோ விடாமல் துணி துவைப்பது போல இருக்கும். அருவியின் இரைச்சல் இதைவிடப் பல மடங்கு உரக்க இருந்தாலும் பக்கத்திலேயே படுத்துத் தூங்கலாம். சொட்டும் குழாயோடு தூங்குவது கஷ்டம்.

பகலில் சும்மா இருந்த ஆலை இரவில் ஏன் அடிக்கிறது? பகல் வெயிலில் தரை சூடாகி, கீழ்க்காற்றும் மேல்காற்றும் கலந்துகொண்டே இருக்கும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 3 மீட்டர் காற்று என்றால் 80 மீட்டரில் சுமார் 4 மீட்டர்தான் வீசும். சூரியன் மறைந்து தரை குளிர்ந்தால் கலப்பு நின்றுபோகிறது. கீழே அதே 3 மீட்டர் இருக்கும்போதே மேலே 8 மீட்டரைத் தாண்டலாம். முற்றத்தில் இலை அசையாது, மரச் சலசலப்பும் இருக்காது. மேலே ஆலை முழுமூச்சில் ஓடும். சத்தத்தை மூடி மறைக்க வேறு ஒலியே இல்லாத நேரத்தில் அது உச்சத்தில் இருக்கிறது. ஜெர்மனி–நெதர்லாந்து எல்லையில் உள்ள ரீட காற்றாலைப் பூங்காவில் அளந்து ஃபிரிட்ஸ் ஃபான் டென் பெர்க் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: இரவில் ஒலி, எதிர்பார்த்ததைவிட 15 டெசிபல் வரை கூடியிருந்தது.

இதே இரவுக்காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. வட்டத்தின் அடிப்புள்ளி தரையிலிருந்து 39 மீட்டர், உச்சி 121 மீட்டர். அப்படிப்பட்ட இரவில் உச்சியில் வீசும் காற்று அடியில் வீசுவதைவிட முக்கால் பங்கு அதிகமாக இருக்கலாம். இறக்கை மேலே போகும்போதெல்லாம் காற்று அதை அதிகக் கோணத்தில் தாக்கி, பரப்பைவிட்டுப் பிய்ந்து கலங்கும். அந்தக் கலக்கம்தான் ‘தொப்’. வி82 எந்தக் காற்றிலும் ஒரே வேகத்தில் சுற்றும் ‘மாறா வேக’ ஆலை என்பதால் காற்று ஏற ஏற அது தாக்கும் கோணமும் ஏறும். போதாதற்கு, பலத்த காற்றில் திறனைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றே இறக்கையை அதே கலங்கல் நிலைக்குத் திருப்பும் வடிவமைப்பு அது. இறக்கையைக் காற்றுக்கு ஒதுக்கிவிடும் வகை ஆலைகளில் இந்தத் தொல்லை குறைவு. என் பார்வையில், ஃபால்மத்தின் பாதித் தகராறு மாடலைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

இனி அளவீடு. மாசசூசெட்ஸ் விதி, ‘இத்தனை டெசிபல்தான் உச்ச வரம்பு’ என்று சொல்வதில்லை. பின்னணி ஒலியைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது என்கிறது. பின்னணி என்றால், அளக்கும் நேரத்தில் 90 சதவீதம் எந்த மட்டத்துக்கு மேலேயே ஒலி இருக்கிறதோ அந்த மட்டம். நடுவே ஒரு கார் போனால் அது மாறாது. ஆலையை நிறுத்திப் பின்னணியையும் ஓடவிட்டு மொத்த ஒலியையும், காற்று மாறுவதற்குள் அடுத்தடுத்து அளக்க வேண்டும். மைக்குக்கு நுரை உறை போடாவிட்டால் மைக்கில் மோதும் காற்றைத்தான் அளப்போம். கோடையில் அளந்தால் சில்வண்டு பின்னணியை ஏற்றிவிட்டு ஆலையைத் தேர்ச்சி பெற வைத்துவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். ஓர் இரவில் பின்னணி 30 டெசிபல், ஆலை ஓடும்போது மொத்த ஒலி 36-க்கும் 42-க்கும் நடுவே ஊசலாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றலைச் சராசரியாக்கினால் சுமார் 40. பின்னணியைவிட 10 கூடுதல், விதிக்குள் அடங்கும். ஒவ்வொரு அடியின் உச்சத்தை எடுத்தால் 42. பன்னிரண்டு கூடுதல், விதிமீறல். பதிவு ஒன்றுதான், தீர்ப்பு இரண்டு. 2012-இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை இரவில் நேரடியாக அளந்தபோது முதல் ஆலை வரம்பைத் தாண்டியது, ஆலை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மாநிலம் அமைத்த நிபுணர் குழு, காற்றாலையால் தனி நோய் வருகிறது என்பதற்குச் சான்று போதாது என்றது. எரிச்சலையும் தூக்கக் கேட்டையும் அது ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை.

இன்றைய ஆலைகளில் இரவுக்கென்று சுற்றும் வேகத்தைக் குறைக்கலாம், பின்விளிம்பில் ரம்பப்பல் போன்ற பட்டை ஒட்டலாம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று டெசிபல் பெற்றுத் தரும். மாறா வேக இயந்திரத்தில் வேகத்தைத் தணிக்க வழியில்லை, மிஞ்சியது ஸ்விட்ச்தான். 2013 நவம்பரில் நீதிமன்றமும் அதையே பிடித்தது: காலை 7 முதல் மாலை 7 வரை மட்டும் ஓட்டலாம், ஞாயிற்றுக்கிழமை கூடாது. அதே ஆண்டு மே மாதம், ஆலைகளைக் கழற்றப் பணம் ஒதுக்கலாமா என்று ஊர் வாக்கெடுத்து, ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டாம் என்றது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், முதல் ஆலைக்குச் சிறப்பு அனுமதியே வாங்கியிருக்க வேண்டும் என்று சொன்னது. 2017-இல் இன்னொரு நீதிபதி இரண்டையும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்று தீர்ப்பளித்து நிறுத்தச் சொன்னார். ஊர் நிர்வாகம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. வாக்காளர்கள் மறுத்த கழற்றும் செலவு கடைசியில் ஊர் தலையிலேயே வந்து விழுந்தது.