கம்பி ஏன் கொஞ்சம் தொய்ய வேண்டும்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வளவில் கொடித்தோடை நட்டு, கப்பு ஊன்றி, கம்பி இழுத்து விட்டேன். காய் பிடித்ததும் கம்பி தொய்ந்தது. இறுக்கினேன். மாரி மழையோடு கடைசிக் கப்பு உள்ளே சாய்ந்துவிட்டது. அடுத்த முறை கொங்கிறீட் கப்பா, ஜீ.ஐ. குழாயா, பனையா?"

கப்பை எதில் செய்வது என்பதற்குப் பிறகு வருகிறேன். அவருடைய கப்பைச் சாய்த்தது அந்த இறுக்கம்தான். அது எப்படி என்று முதலில் பார்ப்போம்.

4 மீற்றர் இடைவெளியில் இரண்டு கப்பு, நடுவே ஒரு கம்பி. காய்த்த கொடி மீற்றருக்கு 5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 20 கிலோ. ஒரு சிறுவன் தூக்கக்கூடிய பாரம். ஆனால் கம்பி கிடையாக ஓடுகிறது, பாரமோ நிலைக்குத்தாகக் கீழே இழுக்கிறது. முற்றிலும் கிடையான ஒரு இழுவையால் எதையும் மேலே தூக்க முடியாது. கம்பி சற்றுத் தொய்ந்து, இரு முனையிலும் சிறு சரிவு உண்டானால்தான் அதன் இழுவிசையில் ஒரு பங்கு மேல்நோக்கித் திரும்பும். சரிவு குறையக் குறைய அந்தப் பங்கும் குறையும். அதே 20 கிலோவைத் தாங்க மொத்த இழுவிசை ஏறிக்கொண்டே போக வேண்டும்.

கணக்கு எளிது. மீற்றருக்கான பாரத்தை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 10 செ.மீ. தொய்ந்தால் இழுவிசை 100 கிலோ. 5 செ.மீ. என்றால் 200. இறுக்கி இறுக்கி 2 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 500 கிலோ. 1 செ.மீ. என்றால் ஒரு தொன்! தொங்குவது அதே 20 கிலோதான். சாதாரண 10 கேஜ் கல்வனைஸ் கம்பி, அதாவது 3.2 மி.மீ. தடிப்புள்ளது, சுமார் 300 கிலோவைத் தாண்டினால் அறுந்துவிடும். அதற்கு முன்பே பெரும்பாலும் கடைக்கப்பு சாய்ந்துவிடுகிறது. வாசகரின் வளவில் நடந்தது அதுதான். பள்ளிக்கூடத்தில் படித்த விசைப்பிரிப்பு இவ்வளவு கண்கூடாகத் தெரியும் இடம் வேறு இருக்கிறதோ தெரியவில்லை. கொடிக்கம்பியில் ஈரச் சேலை காயப்போடும் எல்லா வீட்டிலும் இது தினமும் நடக்கிறது.

ஆகவே வெறுங்கம்பியை நேராகும் அளவுக்கு மட்டும் இழுங்கள். பாரம் ஏறும்போது 10 கேஜ் கம்பி தானாக நீண்டு 7, 8 செ.மீ. தொய்யும், இழுவிசை 140 கிலோவுக்குள் நிற்கும். கம்பி தனக்கு வேண்டிய கோணத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதைப் பழுது என்று நினைத்துக் காய் தொங்கும்போது மறுபடி முறுக்கக் கூடாது. முறுக்குவதென்றால் அறுவடையும் கவாத்தும் முடிந்த பிறகு, அதுவும் விடியற்காலையில். உச்சிவெயிலில் கம்பி விரிந்திருக்கும். அந்த நேரம் நேராக்கினால், இரவில் 25 பாகை குளிரும்போது கிட்டத்தட்ட 50 கிலோ இழுவை கூடிவிடும்.

இனிக் கப்பு. இடையில் நிற்கும் கப்புகளை இருபுறமும் கம்பி சமமாக இழுப்பதால், அவை மேலிருந்து வரும் பாரத்தையும் காற்றையும் மட்டுமே தாங்கினால் போதும். கிடை இழுவை முழுவதும் இரண்டு கடைக்கப்புகளின் தலையில். காசை அங்கே போடுங்கள். 2.7 மீற்றர் கப்பில் 90 செ.மீ. மண்ணுக்குள் போகட்டும், வெளிப்பக்கம் இழுகம்பி, அதாவது கப்பின் தலையிலிருந்து நிலத்திலுள்ள முளைக்குச் சரிவாகக் கட்டும் கம்பி, கட்டாயம். அதிலும் கோணம்தான். கப்பு 1.8 மீற்றர் உயரம் என்றால் இழுகம்பியின் முளையும் 1.8 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். அப்போது 140 கிலோ கிடை இழுவைக்கு இழுகம்பியில் சுமார் 200 கிலோ. இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று 60 செ.மீ. தள்ளி அடித்தால் அது 440 கிலோவுக்கு மேல் ஏறும்.

நிலாவெளி, உப்புவெளி மணலில் முளை அடித்துப் பயனில்லை. ஒரு கிடங்கு வெட்டி, 60 செ.மீ. சதுரக் கொங்கிறீட் பலகையில் இழுகம்பியைக் கட்டிக் கிடையாகப் புதைத்து, அதன் மேல் 75 செ.மீ. மணல் மூடி மிதியுங்கள். பலகைக்கு மேலுள்ள காய்ந்த மணல் மட்டும் 430 கிலோ கனம். ஆனால் மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது, நீரில் மூழ்கிய மணலின் தாங்கும் கனம் 270 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். புயல் வருவதும் அதே மாதங்களில்தான். உப்புவெளிக் கப்பு கோடையெல்லாம் நின்றுவிட்டு மாரியில் சாய்ந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கன்னியாப் பக்கத்து இறுகிய மண்ணில் இந்தக் கவலை குறைவு.

பந்தல் சரிந்தால் கண்ணூறு என்று பூசணிக்காய் கட்டுகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையால் வரும் கெடுதல், யாரும் கடைக்கப்பின் அடியைத் தோண்டிப் பார்க்காமல் விடுவதுதான்.

கொய்யா, தேசி, மாதுளை போன்றவற்றைக் கம்பியில் சுவர்போலப் படர்த்துவது வேறு கதை. அடிமரமே தன் பாரத்தைச் சுமக்கும். கம்பி கிளைக்கு வழிகாட்டினால் போதும். 45 செ.மீ.க்கு ஒன்றாக நான்கு 12 கேஜ் கம்பிகள். இங்கே எதிரி காற்று. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அந்த வகைப் புயலில் காற்று மணிக்கு 90 கி.மீ. என்றால், சதுர மீற்றருக்கு 38 கிலோ அழுத்தம். பாதி இலைகளுக்குள்ளால் போய்விட்டாலும், 6 சதுர மீற்றர் இலைச்சுவர் ஒவ்வொரு இடைக்கப்பையும் நூறு கிலோவுக்கு மேல் தள்ளும். நம் ஊருக்கு ஒரு வசதி: கச்சான் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வருகின்றன, இரண்டும் ஒரே கோட்டில். வரிசையை அந்தக் கோட்டோடு அமைத்தால் ஆண்டின் பெரும்பகுதிக் காற்று சுவரை உரசிக்கொண்டு போய்விடும். புயல் மட்டும் எந்தத் திசையிலிருந்தும் அடிக்கும். ஆகையால் மூன்றாவது கப்புக்கு ஒருமுறை இருபக்கமும் முட்டுக் கொடுங்கள்.

கடைசியாகக் கேட்ட கேள்வி. கடலோரத்தில் கொங்கிறீட் கப்பு வாங்கினால் உள்ளிருக்கும் இரும்புக்கு மேல் 40 மி.மீ. சீமெந்து மூடியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பு உள்ளே போனால் இரும்பு கறள் பிடித்து வீங்கும்; வீக்கம் கப்பை நெடுகப் பிளக்கும். ஜீ.ஐ. குழாயின் மேல்வாயை மூடி, மண்மட்டத்தில் தார் பூசுங்கள். முதலில் அரிப்பது அந்த விளிம்பில்தான். பனை என்றால் நன்றாக முற்றிய வைரம் மட்டும், கறையான் பார்த்து. இடைக்கப்புக்குக் கிளுவைக் கதியால் போதும். ஆனால் கம்பியை அதில் சுற்றி முறுக்காதீர்கள், மரம் பருக்கும்போது விழுங்கிவிடும். செம்புக் கம்பியால் கல்வனைஸ் கம்பியைக் கட்டவே வேண்டாம். உப்பு ஈரத்தில் இரண்டும் தொட்டால் நாகப் பூச்சுதான் முதலில் கரையும்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மாமரத்தையே கம்பியில் படர்த்தி அரசு ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, கடல்மணலும் உப்புக்காற்றும் வாசலிலேயே இருக்கின்றன. அரை ஏக்கரில் நாலு வகைக் கப்பு ஊன்றி, கம்பியின் இழுவிசையை மாதாமாதம் அளந்து எழுதிவைக்கப் பெரிய நிதி தேவையில்லை. அப்படிப்பட்ட அளவீடுகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். உப்புவெளி வாசகரைப் போன்றவர்கள் இப்போது ஒவ்வொரு மாரியிலும் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் இதை அறிந்துகொள்கிறார்கள்.