உயிர்ப்பாறையோடு வந்த புழுக்கள்

உப்புநீர்ப் பவளத் தொட்டியின் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணில் படாத ஒரு புழுக் கூட்டம் வெளியே வந்திருக்கும். டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. சிவப்பு வெளிச்சத்துக்கு இவை அவ்வளவாக மிரளாது. இவை எதையும் நாம் வாங்கவில்லை. உயிர்ப்பாறை எனப்படும், சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறையின் துளைகளிலும், பவளத் துண்டு ஒட்டப்பட்ட அடித்தட்டிலும் ஒளிந்தபடி வந்து சேர்ந்தவை.

பார்த்தவுடன் பலரும் தேடுவது மருந்து பாட்டிலைத்தான். புழுவை விட அந்த அவசரம் தொட்டிக்கு அதிகம் கெடுதல் செய்யும். இவற்றில் பெரும்பாலானவை சம்பளம் வாங்காத துப்புரவுக்காரர்கள். உண்மையிலேயே ஆபத்தானவை மிகச் சில. முதலில் பெயர் தெரிய வேண்டும், பிறகுதான் வைத்தியம்.

அதிகம் பயமுறுத்துவது பிரிசில் வார்ம். வளைதசைப் புழுக்களில் ஒரு வகை. இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு உடல், இரு பக்கமும் கணுவுக்குக் கணு வெள்ளை முள்மயிர்க் கொத்து. மீன் தின்னாமல் விட்ட உணவு, கழிவு, செத்த உயிர்கள் எல்லாவற்றையும் இது தின்றுவிடும். மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். செத்த நத்தையைச் சுற்றி பத்துப் புழு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, இவைதான் கொன்றன என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் நத்தை முதலில் செத்திருக்கும். வாசனை பிடித்துப் புழுக்கள் பிறகுதான் வந்திருக்கும்.

இவற்றின் எண்ணிக்கை திடீரென்று பெருகினால், தொட்டிக்குள் தேவைக்கு மேல் உணவு விழுகிறது என்று பொருள். அப்போது புழுவைப் பிடிப்பதை விட உணவைக் குறைப்பதே சரியான வழி. உணவு குறைந்தால் சில வாரங்களில் கூட்டமும் தானாகக் குறையும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் இடுக்கியால் முழுதாக எடுங்கள். இந்தக் குடும்பத்தின் சில இனங்கள் உடல் துண்டானாலும் ஒவ்வொரு துண்டிலிருந்தும் புதுப் புழுவாக வளரக்கூடியவை. வெறுங்கையால் தொடவே கூடாது. அந்த முள்மயிர் சுண்ணாம்புப் பொருளால் ஆனது, எளிதில் ஒடியும். தோலில் குத்தி உடைந்து நின்று எரியும். குத்திவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை வைத்து அழுத்தி உரித்து எடுங்கள்.

இதே குடும்பத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: ஹெர்மோடைஸ் கருன்குலேட்டா என்கிற தீப்புழு. இது உயிருள்ள பவளத்தையே தின்னும். உடல் தடிமனாக, முள்மயிர்க் கொத்துகள் பளிச்சென்ற வெள்ளையில், அவற்றை ஒட்டிச் சிவப்புச் செவுள்கள் தெரிந்தால், பவளத்தின் நுனியை வாயால் கவ்விக்கொண்டும் இருந்தால், யோசிக்காமல் வெளியே எடுத்துவிடலாம்.

இன்னொன்று யூனிஸ் இனப் புழு. தலையில் வரிபோட்ட 5 நீண்ட உணர்கொம்புகள் விரிந்து நிற்கும். உடலில் வெளிச்சம் பட்டால் வானவில் போலப் பளபளக்கும். சிறிய யூனிஸ்கள் பல தொட்டிகளில் எந்த வம்பும் செய்யாமல் வாழ்கின்றன. பாபிட் வார்ம் எனப்படும் யூனிஸ் அஃப்ரோடிடாய்ஸ் மட்டும் வேறு ரகம். இது 3 மீட்டர் நீளம் வரை வளரும், தாடையால் மீனைப் பிடித்து இழுக்கும். 2009-ல் இங்கிலாந்தின் நியூகே நகர மீன்காட்சியகத்தில் பவளங்கள் துண்டாகிக் கிடந்தன, மீனும் காயப்பட்டது. காரணம் தெரியாமல் கடைசியில் காட்சித் தொட்டியின் பாறைகளையே பிரித்துப் பார்த்தபோதுதான், ஏறத்தாழ 4 அடி நீளப் புழு ஒன்று கிடைத்தது. இப்படிப்பட்டது இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அது தங்கும் பாறையை வெளியே எடுத்து, தனி வாளியில் வைத்து, வளைக்குள் சோடா நீரைப் பீச்சினால் புழு வெளியே வந்துவிடும். தொட்டிக்குள்ளேயே இதைச் செய்ய வேண்டாம்.

கண்ணாடியிலும் பம்பிலும் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தால், கொசுவத்திச் சுருளை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குச் சுருக்கியது போல இருக்கும். அவை ஸ்பைரார்பிட் புழுக்கள். நீரை வடிகட்டித் தின்பவை, தீங்கே இல்லை. பாறை இடுக்கிலிருந்து நூல்நூலாக நீளும் ஸ்பகெட்டி வார்மாலும் தீங்கு இல்லை. குழாய்க்குள் இருந்து சளி வலையை வீசுவது மட்டும் புழுவே அல்ல; அது வெர்மெட்டிட் என்ற நத்தை. அதன் வலை பவளத்தை எரிச்சலூட்டும், ஆகவே குழாயை நசுக்குவதிலோ வாயைப் பசையால் அடைப்பதிலோ தவறில்லை.

சரி, தட்டைப்புழுக்களுக்கு வருவோம். இங்கேதான் உண்மையான கவனம் வேண்டும்.

துருச் சிவப்பு நிறம், சில மில்லிமீட்டர் நீளம், பின்பக்கம் மூன்று சிறு வால்கள்: இது கன்வலூட்ரிலோபா. வழக்கத்தில் தட்டைப்புழு என்று சொன்னாலும், இவை அசீல் என்ற தனிப் பிரிவைச் சேர்ந்தவை. உடலுக்குள் பாசி குடியிருப்பதால் வெளிச்சம் விழும், நீரோட்டம் மந்தமான இடங்களில் கம்பளம் விரித்தது போலப் படரும். இணை தேவையில்லை. ரெட்ரோஜெம்மா என்ற இனத்தில் தாயின் பின்முனையிலிருந்தே குட்டி மொட்டாக முளைத்துப் பிரிந்துவிடுகிறது. அதனால்தான் பத்து இருந்த இடத்தில் கொஞ்ச நாளில் ஆயிரம் நிற்கிறது.

இவை பவளத்தைக் கடிப்பதில்லை. ஆனால் பவளத்தின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மொத்தமாகச் செத்தால் உடலிலிருந்து வெளியாகும் நச்சு. மருந்தை ஊற்றிய அதே நாளில் மீன்கள் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே முறை இதுதான்: முதலில் சில நாட்களுக்கு மெல்லிய டியூபால் சைஃபன் செய்து முடிந்தவரை உறிஞ்சி எடுங்கள். நீரோட்டத்தைக் கூட்டுங்கள். எண்ணிக்கை நன்றாகக் குறைந்த பிறகே மருந்து. அப்போதும் நச்சை உறிஞ்சும் புதிய ஆக்டிவேட்டட் கார்பனும், மாற்றுவதற்குத் தயாரான உப்புநீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். சிக்ஸ் லைன் ராஸ் மீன் சில தொட்டிகளில் இவற்றைத் தின்னும். கெலிடோனூரா வேரியன்ஸ் என்ற கடல் நத்தை விரும்பித் தின்னும். ஆனால் அதற்கு வேறு உணவு கிடையாது. புழு தீர்ந்ததும் அது பட்டினியில் செத்துவிடும். வேறொரு தொட்டி கைவசம் இல்லாமல் அதை வாங்குவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாவற்றையும் விடக் கொடியது, அக்ரோபோரா பவளத்தை மட்டுமே குறிவைக்கும் புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே என்ற தட்டைப்புழு. இது தொட்டிகளில்தான் முதலில் அறியப்பட்டது. இயற்கையில் இருப்பது பின்னரே, ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் லிசார்ட் தீவருகே உறுதியானது. தின்ற பவளத்தின் நிறமே இதன் குடலில் தெரிவதால், பவளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது. புழுவைத் தேடாதீர்கள், கடித்த தடத்தைத் தேடுங்கள். கிளையின் நிழல் பக்கத்தில் சிறு வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள் இருக்கும். பவளத்தின் நிறமும் மங்கியிருக்கும். பைப்பெட்டால் கிளையின் மேல் வேகமாகத் தண்ணீரைப் பீச்சினால் புழு கழன்று சுருண்டு விழும்.

பவளத்தை டிப் எனப்படும் மருந்துக் கரைசலில் முக்கி எடுத்தால் புழுக்கள் உதிரும், முட்டைகள் உதிராது. தசை போன அடிப்பகுதியின் வெற்று எலும்பில் அவை பழுப்புப் புள்ளிக் கூட்டமாக ஒட்டியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து சுரண்டுங்கள். அடித்தட்டையே வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தட்டில் ஒட்டுவது இன்னும் நல்லது. அப்புறம் பவளத்தைத் தனித் தொட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை வீதம் பல வாரங்களுக்கு டிப் செய்ய வேண்டும். பொரிக்கும் குஞ்சு வளர்ந்து மறுபடி முட்டையிடும் முன் அடுத்த டிப் நடக்க வேண்டும் என்பதே கணக்கு. நீர் குளிர்ச்சியாக இருந்தால் முட்டை பொரிக்கக் கூடுதல் நாள் பிடிக்கும். அப்போது இந்த வாரங்களையும் நீட்டிக்க வேண்டும்.